குளிருக்கென்று ஒதுக்கிவைத்த கதைகள்

குளிரை உடம்பால் அறிவதற்கு முன்பே நான் புத்தகத்தில் அறிந்தேன். பிறந்து வளர்ந்தது சாத்தூரில். கரிசல் காடு, காய்ந்த காற்று, மார்கழியிலும் ஒரு பருத்திப் போர்வை போதும் என்கிற ஊர். ஆனால் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் வரும்போதெல்லாம் அப்பா வாங்கித் தந்த ரஷ்யச் சிறுவர் நூல்களில் பனி கொட்டிக்கொண்டே இருக்கும். மாஸ்கோவில் அச்சாகி, கெட்டி அட்டையும் வண்ணப் படங்களுமாக, நல்ல தமிழில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற விலையில் வந்த புத்தகங்கள் அவை. அவற்றில் ஒரே ஒரு சங்கதி எனக்குப் பிடிபடவே இல்லை. அந்தக் கதைகளில் கிழவர்களும் சோம்பேறிப் பிள்ளைகளும் அடுப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு அடுப்பின் மேல் பானைதான் உட்காரும். மனிதன் எப்படிப் படுப்பான்?

ரஷ்ய கிராமத்து அடுப்பு செங்கல்லால் எழுப்பிய ஒரு பெரிய மேடை என்பதும், காலையில் எரித்த விறகின் சூட்டை அது நாளெல்லாம் தன்னுள் வைத்திருக்கும் என்பதும், அதன் மேல்தளம்தான் வீட்டிலேயே சுகமான படுக்கை என்பதும் பின்னால் தெரிந்தது. கல்யாணமாகித் தில்லிக்கு வந்த முதல் ஜனவரியில் மயூர் விஹார் வீட்டின் மொசைக் தரையில் கால் வைத்தபோது அந்தக் கிழவர்கள் மீது எனக்குப் பொறாமை வந்தது. இந்த ஊர் வீடுகள் கோடையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. ஜன்னல் இடுக்குகளில் காற்று தாராளமாக வரும். சுவர் இரவெல்லாம் குளிர்ந்து பகலெல்லாம் அதை வெளியே விடும். ஜனவரியில் அதிகாலை வெப்பநிலை 7, 8 டிகிரி இருப்பது சாதாரணம். சில நாள் 4-க்கும் கீழே போகும். மூடுபனி விலகாத நாட்களில் மத்தியானமும் விடியற்காலை மாதிரியே இருக்கும்.

அந்தக் குளிரை வெறுக்காமல் வாழக் கற்றுக்கொண்டது எப்படி என்று இங்கே புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஹீட்டர், கம்பளி, இட்லி மாவு எல்லாவற்றையும் பற்றிச் சொல்வேன். கூடவே, குளிர்காலத்திற்கென்று சில கதைகளை ஒதுக்கிவையுங்கள் என்றும் சொல்வேன். குழந்தைகளுக்காக எழுதப்பட்ட நல்ல கதைகளில் பாதிக்கு மேல் இருப்பது கதகதப்பும் சாப்பாடும்தான். யாரோ யாருக்கோ சூடாக எதையோ கொடுக்கிறார்கள். வெளியே காற்று அடிக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது. வளர்ந்தபின் நாம் அவற்றைத் தாண்டித் தாண்டிப் படித்து, அடுத்து என்ன நடந்தது என்று ஓடுகிறோம். உண்மையில் உடம்பு குளிர்ந்து, கையில் சூடான டம்ளர் இருக்கும்போது படித்தால் அந்தப் பக்கங்கள் உயிரோடு எழுந்து வருகின்றன. இது நான் வருடா வருடம் கண்ட உண்மை.

எங்கள் வீட்டில் இது பழக்கமானதற்கு என் மகள் காரணம். 2005-இல் ஹங்காமா தொலைக்காட்சியில் இந்தியில் வரத் தொடங்கிய டோரேமான் என்கிற ஜப்பானியக் கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே பார்ப்பேன். அந்த நீலப் பூனை முதன்முதலில் மேஜை இழுப்பறையிலிருந்து வெளியே வருவது ஒரு புத்தாண்டு நாளில், குளிரில் பையன் வீட்டுக்குள் சோம்பிக் கிடக்கும் நேரத்தில் என்பது எனக்கு அப்போதே பிடித்திருந்தது. ஜப்பானியக் கார்ட்டூன்களில் குளிர்காலம் வந்ததும் ஒரு தாழ்ந்த மேஜை வரும். அதைச் சுற்றிப் பஞ்சு மெத்தை போன்ற போர்வை தொங்கும். வீட்டார் அனைவரும் அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். மேஜை மேல் ஒரு கூடை ஆரஞ்சு. கொதாட்சு என்று அதற்குப் பெயர். முன்பு அடியில் கரி நெருப்பு வைப்பார்கள். இப்போது மின்சார ஹீட்டர் பொருத்தியிருக்கிறது. அறை முழுவதையும் சூடாக்காமல் மனிதர்கள் ஒன்றுகூடும் இடத்தை மட்டும் சூடாக்குகிற யோசனை.

தில்லியில் அந்த வேலையை ரஜாய் என்கிற பஞ்சடைத்த போர்வை செய்கிறது. நல்ல ரஜாய் ஒன்று வாங்குங்கள் என்பது என் முதல் புத்திமதி. பாலியெஸ்டர் நிரப்பியது துவைக்க எளிது. ஆனால் பழைய முறையில் பருத்திப் பஞ்சு அடைத்துத் தைத்தது தரும் சுகம் வேறு. கனமாக இருக்கும், பரவாயில்லை. சில ஆண்டுகளில் பஞ்சு கட்டி தட்டிவிடும். தீபாவளியை ஒட்டி, பஞ்சைப் பிரித்து அடித்து மறுபடி தைத்துத் தரும் கடைகளில் கொடுத்தால் புதிதாகிவிடும். வெயில் அடிக்கும் நாளில் மொட்டை மாடியில் காயப்போட்டு, சூடு ஆறுவதற்குள் மடித்து உள்ளே கொண்டுவாருங்கள். இரட்டை அளவு ரஜாய் ஒன்றாவது இருக்கட்டும். ஆளுக்கொரு போர்வைக்குள் சுருண்டால் ஆளுக்கொரு போனோடுதான் இருப்போம். ஒரே ரஜாயின் கீழ் நான்கு பேர் கால் நீட்டினால் தானாகப் பேச்சு வரும், கதை வரும். ஆரஞ்சுக்குக் கின்னோ இருக்கிறது. பஞ்சாபின் அபோஹர் பக்கத்திலிருந்து டிசம்பரில் வண்டி வண்டியாக வந்து குவியும். கொட்டை அதிகம், ஆனால் சாறும் மணமும் அதற்கு ஈடில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூடிய அறைக்குள் அங்கீட்டி என்கிற கரியடுப்பில் கரி மூட்டி வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்த ஊரில் அதனால் உயிர்கள் போகின்றன. மின்சார ஹீட்டரானாலும் ரஜாயிலிருந்து தள்ளி வைத்து, படுக்கும் முன் அணைத்துவிடுங்கள்.

என் மாமியார் கோவில்பட்டியிலிருந்து எங்களோடு வந்து தங்கிய பிறகு இந்தப் பழக்கம் முழு வடிவம் பெற்றது. அத்தைக்கு இந்தி தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கண்புரை அறுவைக்குப் பின் சிறிய எழுத்துகள் சிரமம். 2020-இல் ஜப்பானின் ஜிப்லி நிறுவனத்தின் கார்ட்டூன் படங்கள் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது மகள் டோட்டோரோ என்ற படத்தைப் போட்டாள். ஜப்பானியக் குரல், கீழே ஆங்கில எழுத்து. ஆச்சிக்குப் புரியாதே என்று அவளே ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லத் தொடங்கினாள். அப்பாவுக்கு ஒரு குரல், அக்காவுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று. ஹயாவோ மியாசாகி 1988-இல் எடுத்த அந்தப் படத்தில் பேச்சு குறைவு. வில்லன் கிடையாது. தாய் மருத்துவமனையில் இருக்கிறாள். தந்தை இரண்டு பெண் குழந்தைகளோடு ஒரு கிராமத்து வீட்டுக்குக் குடி வருகிறார். பக்கத்துக் காட்டில் ஒரு பெரிய, மெத்தென்ற உயிரினம் உறங்குகிறது. அவ்வளவுதான். மியாசாகியின் தாயும் அவருடைய சிறுவயதில் காசநோயால் நெடுங்காலம் படுத்திருந்தவர். அது படத்தில் சொல்லப்படுவதில்லை. ஆனால் மருத்துவமனைக் காட்சிகளின் நிதானத்தில் தெரிகிறது.

மழையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் காட்சி ஊரறிந்தது. அப்பாவுக்குக் குடை கொண்டுவந்த அக்கா, தூங்கிப்போன தங்கையை முதுகில் சுமந்துகொண்டு இருட்டில் நிற்கிறாள். பக்கத்தில் டோட்டோரோ வந்து நிற்கிறது, தலையில் ஓர் இலையோடு. அவள் மிச்சமிருக்கும் குடையை அதற்குக் கொடுக்கிறாள். நானும் மகளும் டோட்டோரோவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அத்தை அந்தப் பெரிய பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவள் சின்னவளைச் சுமக்கிறாள். இவளை யார் தாங்குவார்கள்? அதற்குத்தான் அது வந்திருக்கிறது” என்றார். அத்தை வீட்டில் மூத்தவர்; தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்து வளர்த்தவர். பல தடவை பார்த்திருந்த எங்களுக்கு அதுவரை தோன்றாத ஒன்று, முதல் தடவை பார்த்தவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தனியாக யாரும் படம் பார்ப்பதில்லை.

இப்போது சில ஜப்பானியத் தொடர்கள் தமிழ்க் குரலோடும் கிடைக்கின்றன. இருந்தாலும் முதியவர்களோடு பார்க்கும்போது வீட்டுப் பிள்ளையே குரல் கொடுப்பதை நான் பரிந்துரைப்பேன். நம் வட்டார வழக்கில், அவர்களுக்குப் பழகிய வார்த்தைகளில் வரும். நிறுத்திக் கேள்வி கேட்கலாம். பிள்ளைகளுக்கும் தமிழ் பேச ஒரு காரணம் கிடைக்கிறது. தில்லியில் வளரும் பிள்ளைகளுக்கு அது சிறிய விஷயமில்லை.

தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வரைந்த படம் என்பதால் எல்லாமே குழந்தைகளுக்கானவை என்று நினைத்துவிடக் கூடாது. டோட்டோரோ ஜப்பானில் வெளியானபோது அதே நிறுவனத்தின் இன்னொரு படத்தோடு இரட்டைக் காட்சியாகத் திரையிடப்பட்டது. இசாவோ தகஹாதா இயக்கிய அந்த இரண்டாவது படம், போரில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் மடிவதைச் சொல்கிறது. மகத்தான படம். ஆனால் சிறு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடியதல்ல. எதையும் முதலில் பெரியவர் ஒருவர் பார்த்துவிடுவது நல்லது.

அதே தகஹாதா 1974-இல் இயக்கிய ஹைடி தொடரைத்தான் குளிர்காலத்துக்கு நான் முதலில் சொல்வேன். சுவிட்சர்லாந்தின் யோஹானா ஸ்பிரி எழுதிய நாவல். படக்குழுவினர் அங்கே நேரில் போய் மலைகளையும் வீடுகளையும் பார்த்து வந்து வரைந்தார்கள். காட்சிகளின் அமைப்பை வகுத்தவர் இளைஞர் மியாசாகி. 52 பகுதிகள், வாரம் ஒன்றாக ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஓடியது. தாத்தா நெருப்பில் பாலாடைக்கட்டியை உருக்கி ரொட்டியில் தடவித் தருவதையும், பரணில் வைக்கோல் படுக்கை விரிப்பதையும் அவசரமே இல்லாமல் காட்டும். ஒரே மூச்சில் பார்த்துத் தள்ளினால் இதன் சுகம் போய்விடும். இரவுக்கு ஒரு பகுதி. அதற்கு மேல் பிள்ளைகள் கெஞ்சினாலும் இல்லை. நாளை என்னவாகும் என்று மறுநாள் காலை பல் துலக்கும்போது பேசிக்கொள்வதும் கதையின் பகுதிதான்.

படத்தில் சாப்பிடுவதையே நாமும் செய்து பார்க்க ஆசை வரும். அந்தச் செலவும் அலைச்சலும் தேவையில்லை. நம் வாசலுக்கு வருவதே போதும். கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தோல் உரித்து, மசாலாவும் எலுமிச்சையும் தூவி, நட்சத்திரப்பழத் துண்டுகளோடு தொன்னையில் தருவார்கள். வேர்க்கடலை வண்டியில் குவியலின் உச்சியில் ஒரு சிறு மண்சட்டி புகைந்துகொண்டிருக்கும், கடலை ஆறாமலிருக்க. சிவப்புக் கேரட் வந்துவிட்டால் அல்வா. எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக்கும் ரேவ்டியும் நம் எள்ளுருண்டைக்கு அண்ணன் தம்பிகள். அத்தைக்கு முதல் கடியிலேயே பிடித்துவிட்டன. சாந்தினி சௌக் பக்கம் போனால் பால் நுரையில் செய்த தௌலத் கி சாட் காலையிலேயே தேடிச் சாப்பிட்டுவிடுங்கள். வெயில் ஏறினால் நுரை நிற்காது. அதனால்தான் அது குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிறது. இட்லி மாவு புளிக்கவில்லை என்று கவலைப்படுபவர்களுக்கு: வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, உப்பைக் கையால் கலந்து, விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் பாத்திரத்தை வையுங்கள். ஓவன் இல்லையென்றால் பழைய கம்பளியில் சுற்றி அரிசி டின்னுக்குள். நேரம் கூடப் பிடிக்கும், ஆனால் பொங்கிவிடும்.

படங்களைவிட எனக்கு நெருக்கமானது அம்புலிமாமா. 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய பத்திரிகை. வேதாளக் கதையின் படத்தை, வாளேந்திய விக்கிரமாதித்தனும் தோளில் தொங்கும் உடலுமாக, ஓவியர் சங்கர் பல்லாண்டுகள் வரைந்தார். அண்ணன் கட்டி வைத்திருந்த பழைய இதழ்களை நான் தில்லிக்குக் கொண்டுவந்தேன். திரும்பப் படித்தபோது சில கதைகள் நிற்கவில்லை. ராஜகுமாரியைப் பரிசுப் பொருளாகக் கொடுக்கும் கதைகளுக்கு மகள் முகம் சுளித்தாள், அவற்றை ஒதுக்கிவிட்டேன். சிறுவயதில் பிடித்த ஒவ்வொன்றையும் காப்பாற்றியாக வேண்டும் என்றில்லை.

வேதாளக் கதைகள் நின்றன. அவற்றைப் படிக்க எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. ஒருவர் உரக்கப் படிப்பார். வேதாளம் கேள்வி கேட்டு, பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை சுக்குநூறாகும் என்று மிரட்டும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். எல்லோரும் தங்கள் பதிலைச் சொல்லி, ஒரு பிடி கடலையைப் பந்தயமாக வைக்க வேண்டும். விவாதம் முடிந்த பிறகுதான் ராஜாவின் பதில். பல சமயம் ராஜாவின் பதில் அத்தைக்கு ஒத்துவராது. “அவன் ராஜா, அப்படித்தான் சொல்வான், அந்த வண்ணான் பக்கத்திலிருந்து பார்த்தாயா?” என்று கேட்பார். கடலை அவர் பக்கமே சேரும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் செய்து பாருங்கள். புத்தகம் பிடிக்காத பிள்ளையும் தன் பதில் சரியா என்று பார்க்கவாவது பக்கத்தைத் திருப்பும்.

இந்தக் கதைகள் குளிர் தேசத்திலிருந்து நமக்கு வந்தவை என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். வேதாளக் கதைகள் இடம்பெறும் கதாசரித்சாகரத்தைப் பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதியது காஷ்மீரில், அனந்த மன்னனின் அரசி சூர்யமதிக்காக. சுடுகாடும் முருங்கை மரமுமாகச் சாத்தூர் வெயிலில் நான் படித்ததைப் பனி விழும் நாட்டில் ஓர் அரசி கேட்டிருக்கிறாள். எங்கள் குடியிருப்புக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் காஷ்மீரிலிருந்து சால்வை மூட்டையோடு ஒருவர் வருவார். டிசம்பர் 21-இல் தொடங்கி நாற்பது நாள் அங்கே கடுங்குளிர் என்றும், பிரம்பு பின்னிய மண்சட்டியில் தணல் வைத்து அங்கிக்குள் அணைத்துக்கொள்வார்கள் என்றும், அதைக் காங்ரி என்பார்கள் என்றும் அவர் சொல்ல, மகள் தமிழில் சொல்ல, அத்தை கேட்டுக்கொண்டே ஒரு சால்வையைத் தேர்ந்தெடுத்தார். ரஷ்ய அடுப்பு, கொதாட்சு, காங்ரி, ரஜாய். நெருப்பைச் சுற்றி மனிதர்கள் கூடிய இடத்தில் எல்லாம் கதை இருந்திருக்கிறது.

பகலில் வீட்டுக்குள் அடைந்து கிடக்காதீர்கள். ஜனவரி வெயிலில் சுந்தர் நர்சரியிலோ லோதி தோட்டத்திலோ புல்லில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து படிப்பது இந்த ஊர் தரும் பெரிய வரம். ஆனால் காலையில் போகாதீர்கள். குளிர்ந்த காற்று தரையோடு தங்கிப் புகையைப் பிடித்து வைத்திருக்கும். மத்தியானம் சற்றுத் தெளியும். மாசு அளவைப் பார்த்துவிட்டு, மோசமான நாளில் பெரியவர்களை வெளியே கூட்டிச் செல்லாமல் பால்கனி வெயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புத்தகத்துக்கு: தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை 2019-இல் நடைபாதையிலிருந்து பக்கத்திலேயே மகிளா ஹாட்டுக்கு மாறிவிட்டது, குழந்தைகள் புத்தகங்கள் அங்கே மலிவு. பகதூர் ஷா ஜஃபர் சாலையில் நேரு ஹவுஸுக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளை 1957-இல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும், அவர் சேர்த்த உலகப் பொம்மைகளின் அருங்காட்சியகமும் அங்கேதான். தமிழ் நூல்களுக்கு ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க நூலகம். உலகப் புத்தகக் கண்காட்சியில் நேஷனல் புக் டிரஸ்ட் அரங்கில் தமிழ்ச் சிறுவர் நூல்களைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் குழந்தை இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். எங்கள் மாடியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியோடு 1972-இல் தன் வாலிபம் தொடங்கியதாகச் சொல்பவர், பஞ்சாபியரின் லோஹ்ரி பண்டிகை இரவில் நெருப்பு மூட்டுமிடத்தில் பஞ்சாபிப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, அவர்கள் பாட்டில் வரும் துல்லா பட்டியின் கதையை முழுதாகக் கேட்டு வாங்கினார். அக்பர் காலத்தில் பேரரசை எதிர்த்து நின்ற அந்தப் பஞ்சாப் வீரனின் கதையை மறுநாள் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் தமிழில் சொன்னார். இப்போது வேதாளக் கேள்விகளுக்கு அத்தைக்குச் சரியான எதிராளி அவர்தான்.

மகள் புனேவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். டிசம்பர் கடைசி வாரம்தான் விடுமுறை. அதுவரை இரவு ஒன்பது மணிக்கு இரண்டு வீட்டிலும் ஹைடியின் ஒரே பகுதியை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் போனில் அவள் குரல் கொடுக்கிறாள். படம் ஒரு நொடி முன்னே போய்விடுகிறது, தாத்தா வாய் மூடிய பிறகு பேசுகிறார் என்று அத்தை குறைப்பட, அங்கே அவள் இரண்டு நொடி முன்னதாகவே ஓடவிடப் பழகிக்கொண்டாள். மாடி வீட்டுக்காரர் எட்டே முக்காலுக்கே கின்னோவோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்.